ஒற்றைப் பூச்சு

பங்குனி 20, ஞாயிறு

காலையில் சுவர் வீட்டுப் பின்பக்கத் தொட்டியில் சுண்ணாம்பு நீற்றப் போட்டேன். சித்திரை பிறந்ததும் நாலு சுவருக்கும் வெள்ளையடித்தாக வேண்டும். ஆளாளுக்கு ஒரு சட்டம் பேசுவதால் விதியை இங்கே ஒரு தரம் எழுதி வைக்கிறேன். பலகையில் ‘கிராமக் கலைக்கூடம்’ என்றும் ஊர் வாயில் ‘சுவர் வீடு’ என்றும் இருக்கும் இந்தப் பழைய உரக் கிட்டங்கி எங்கள் மாதர் சங்கத்தின் பொறுப்பு. சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என்று வருஷத்துக்கு நாலு பருவம். பருவம் பிறந்தால் வெள்ளையடிப்பு. அப்புறம் யார் வேண்டுமானாலும் வந்து கரியிலோ காவியிலோ நேரே சுவரில் வரையலாம். பருவம் முடியும் வரை எந்தப் படத்தையும் யாரும் அழிக்கக் கூடாது. ஏன் வரைந்தாய் என்றும் கேட்கக் கூடாது. சாவி பஞ்சவர்ணமாகிய என்னிடம். பிடிக்காதவர்கள் தம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

வெயில் ஏறியதும் செங்கண்மாயில் மீன்பிடி. பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், நாலு ஊர் ஜனமும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கியது. எங்கள் ஊத்தாவுக்கு நேற்றுத்தான் அலங்காரம் செய்து கொடுத்தேன். அந்த அடியில்லாத மூங்கில் கூடையை மீன் மேல் கவிழ்த்து அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத்தானே துழாவ வேண்டும்? சிராய் என் வீட்டுக்காரர் கையைக் கிழிக்கக் கூடாது என்று என் கத்தரிப்பூச் சேலையின் மஞ்சள் கரையைக் கிழித்து அந்த வாயில் சுற்றினேன்.

மீனே இல்லை. ஊர் முழுக்கச் சேற்றைக் கலக்கியும் ஒரு கெளுத்திகூட மாட்டவில்லை. எங்கள் தெரு ராக்காயியின் தம்பி மலைச்சாமி நடுக் கண்மாயில் நின்று கத்தினான்.

“மீனு எங்கேய்யா? கடைசி மீனு ஊருக்குன்னு சொல்லிட்டு, ராவோட ராவா வலையப் போட்டு அள்ளிட்டாரு தொரைச்சிங்கம்! லாரியில ஏத்துனத நான் கண்ணால பாத்தேன்!”

துரைச்சிங்கம் கண்மாயை ஏலம் எடுத்தவர்; தண்ணீர் வற்றும்போது மிஞ்சும் மீனை ஊருக்கு விட வேண்டும் என்பது வழக்கம். என் வீட்டுக்காரர் ஓட்டுவது அவருடைய டிராக்டர்தான். அதற்குமேல் ஒரே தள்ளுமுள்ளு, ஒரே கூச்சல். எல்லாரும் கரையேறிய பிறகும் ராக்காயி மட்டும் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அவனைச் சேற்றுக்குள்ளிருந்து இழுத்தார்கள். வாய், மூக்கு, காது எல்லாம் களிமண். தோளைச் சுற்றி வட்டமாக மூங்கில் அழுந்திய தடம், தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. இருபத்தாறு வயசுப் பிள்ளை.

என் வீட்டுக்காரர் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்தார். ஊத்தா எங்கே என்று கேட்டேன். சேற்றில் போய்விட்டதாம்.

பங்குனி 21

போலீஸ் வந்தது. எல்லாரும் ஒரே பாட்டு: “ஒடம்பெல்லாம் சேறு சார், ஆளு அடையாளம் தெரியல.” நெரிசலில் வழுக்கி விழுந்து மூச்சு முட்டிச் செத்தான் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவருக்குக் காய்ச்சல். வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே பல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. விரால் கடித்ததாம். மஞ்சள் அரைத்துக் கட்டினேன்.

நேற்று இந்த ஊரில் ஒரு வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கவில்லை.

சித்திரை 1

நாலு சுவருக்கும் பனை மட்டையால் வெள்ளையடித்தோம். இரண்டு பூச்சு. முதல் பூச்சு காயாமல் இரண்டாவதை அடித்தால் பாளம் பாளமாக உரியும் என்று எத்தனை தரம் சொன்னாலும் சங்கத்துப் பெண்களுக்கு அவசரம்தான். தோள்பட்டை வலிக்கிறது. கை எரிகிறது.

சித்திரை 4, ஞாயிறு

வடக்குச் சுவரில் ஒரு ரயில் வந்திருக்கிறது. கிழக்கில் யாரோ அய்யனார் குதிரை என்று நினைத்துக் கழுதை வரைந்திருக்கிறார்கள். ராக்காயி வாசலில் வந்து நின்றாள்.

“மதினி, எனக்கு ஒரு சொவரு வேணும்.”

“எந்தச் சொவரு?”

“மேக்குச் சொவரு. முழுசா.”

அவள் இதுவரை கோலம்கூட ஒழுங்காகப் போட்டு நான் பார்த்ததில்லை. கரியும் காவியும் மஞ்சக்காவியும் எடுத்துக் கொடுத்தேன். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை.

சித்திரை 5

கண்மாய். சுவர் முழுக்கக் கண்மாய். கரையில் வெள்ளைத் துண்டு, கீழே சேறு, சேற்றில் நூறு பேருக்கு மேல். ஒருத்தருக்கும் முகம் இல்லை, எல்லாம் கரிக்கட்டையை உருட்டி உருட்டித் தேய்த்த தலைகள். ஆனால் ஒவ்வொரு கையிலும் ஒரு ஊத்தா.

சாயங்காலம் துரைச்சிங்கமே வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார்.

“அட, நம்ம கம்மாய அப்புடியே எறக்கி வச்சிருக்காளே! தம்பி போன துக்கத்த இப்புடி ஆத்திக்கிட்டா போல. ஏத்தா வர்ணம், இதுல நான் எங்கிட்டு இருக்கேன்?”

“முகம் இல்லையேண்ணே. எப்புடிக் கண்டுபுடிக்க?” என்றேன். சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

சித்திரை 6

காலையில் கூட்டும்போது கீழ் மூலையைப் பார்த்தேன். அங்கே மூன்று ஊத்தாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரே இடத்தில் குத்தியிருக்கின்றன. நடு ஊத்தாவின் மேல்வாய் வழியாக ஒரு கை, விரல் ஐந்தும் விரிந்து, வானத்தைப் பார்த்து நிற்கிறது.

ஒரு ஊத்தாவில் சிவப்பு நைலான் கயிறு. ஒன்றில் சைக்கிள் டியூப். நடுவில் இருப்பதன் வாயில் மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது, மாங்காய்ப் புட்டா போட்ட கரை.

மாங்காய்ப் புட்டா போட்ட மஞ்சள் கரை எத்தனையோ சேலையில் இருக்கும். காரைக்குடிக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறான்.

மதியம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கும்போது உப்புப் போட மறந்துவிட்டேன். இருபது வருஷத்தில் இதுவே முதல் தடவை.

சித்திரை 9

இன்று பெண்கள் கூட்டமாக வந்தார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. “ஏய், இந்தா இருக்கு எங்க ஊத்தா! பனையோலை வச்சு அடைச்ச பொத்தலு கூடத் தெரியுது பாரு!” “எங்களது அந்தா, புளியமரத்துக்குக் கீழ!” இந்த ஊரில் முகத்தை மறந்தாலும் ஊத்தாவை மறக்க மாட்டார்கள். அவரவர் கட்டிய கயிறு, அவரவர் அடைத்த ஓட்டை. சிரித்துக்கொண்டே தேடித் தேடிக் கீழ் மூலைக்கு வந்தார்கள். அதோடு சத்தம் நின்றது. ஒருத்தி என்னைப் பார்த்தாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போஸ் வந்தான், துரைச்சிங்கத்தின் மச்சினன். அவன் வீட்டு ஊத்தாவுக்குச் சைக்கிள் டியூப்தான்.

“மதினி, மட்டையக் குடுங்க. அந்த மூலைய மட்டும் அழிச்சுட்டுப் போயிருறேன்.”

“ஆனி முடியட்டும்.”

“ஆனியாவது கோணியாவது! பொம்பளைக வச்ச சட்டத்துக்கு நான் காத்துக் கெடக்கணுமா?”

“ஆமா. கெடக்கணும்.”

என் தலைமயிரைப் பிடித்துக் கதவில் மோதினான். கதவின் தாழ்ப்பாள் புருவத்தில் கிழித்துவிட்டது. நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். அலறிக்கொண்டு விட்டுவிட்டுப் போனான். பல்லால் கடித்தால் எவ்வளவு ரத்தம் வரும், எவ்வளவு ஆழம் பதியும் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சித்திரை 10

சுவர் வீட்டுக் கூரையில் கல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஓடு பன்னிரண்டு போச்சு.

சித்திரை 12

குழாயடியில் ராக்காயியை மடக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு நான் ஓடுவதற்குள் போஸ் அவளைத் திட்டில் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். கையில் கடப்பாரை.

“வரைஞ்ச கையி எதுடி?”

“ரெண்டுந்தான்,” என்றாள் ராக்காயி. அவளுக்குக் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்காக அவள் காலைக் கழுவிக் குடிக்கலாம்.

வலது கை மேல் கடப்பாரையை இறக்கினான். எலும்பு உடையும் சத்தம், காய்ந்த விறகை முறித்ததுபோல் இருந்தது. குடங்களோடு நின்ற பத்துப் பதினைந்து பேரும் குடத்தை இறக்கி வைக்காமல் நின்றார்கள். இடது கையை அவன் இழுக்கும்போது நிறைந்த பித்தளைக் குடத்தை அவன் மண்டையில் போட்டேன். குடம் நசுங்கிவிட்டது. அவன் மண்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ராக்காயியை பஸ்ஸில் ஏற்றிச் சிவகங்கைக்குக் கொண்டுபோனேன். மூன்று விரல் இனி மடங்காது என்றார் டாக்டர். வழியெல்லாம் அவள் அழவில்லை. “படம் இருக்கா மதினி, படம் இருக்கா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். இருக்கிறது என்றேன். ஆனி கடைசி வரைக்கும் இருக்கும் என்று சத்தியம் செய்தேன். யார் கேட்டது என்னைச் சத்தியம் செய்யச் சொல்லி?

வீட்டில் அவர் காத்திருந்தார்.

“சாவியக் குடு.”

“குடுக்க மாட்டேன்.”

“வர்ணம், ஒனக்குத் தெரியாது. குடுத்துரு.”

“எனக்கு என்ன தெரியாது? சொல்லுங்க.”

தோசைக்கரண்டியால் அடித்தார். முதல் அடி காதில், அதற்குப் பிறகு எண்ணவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் கை நீட்டாத மனுஷன். அடிக்கும்போது அவர்தான் அழுதார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. சாவியைக் கொடுக்கவில்லை.

சித்திரை 14

பூட்டை உடைத்தார்கள். பட்டப்பகலில், திருவிழாப்போல, இருபது பேர்.

“மூலைய மட்டும் அழிச்சா அதுவே சாட்சி சொல்லும். முழுச் சொவத்தையும் அடிங்கடா,” என்றார் துரைச்சிங்கம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு மட்டையை எடுத்தார். என் தொட்டிச் சுண்ணாம்பு, என் மட்டைகள். இருந்த சுண்ணாம்பு போதாமல் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள்.

என்னைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். என் வீட்டுக்காரர், சேவுகன், யாரும் சொல்லாமலே நேரே கீழ் மூலைக்குப் போனார். மற்றவர்கள் நீளமாக இழுத்து அடித்தார்கள். அவர் மட்டும் அந்த விரிந்த கை மேல் மட்டையைக் குத்திக் குத்தி அடித்தார்.

ஒரு பூச்சுதான். மோர்த்தண்ணீர் மாதிரி இருந்தது. காய்ந்ததும் பளீரென்று ஆகிவிட்டது, கைதட்டினார்கள். இரண்டாவது பூச்சைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பல் வலி வேறு.

வைகாசி 3

ராக்காயியின் வைக்கோல் போர் எரிந்துவிட்டது. பீடி நெருப்பாம்.

வைகாசி 19

அவள் ஆடுகள் நாலும் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. குட்டிகள் செத்த மடியை முட்டிக்கொண்டு நின்றன. இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து புட்டிப்பால் கொடுக்கிறேன். அவர் குட்டிகளைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

ஆனி 8

அவர் தூக்கத்தில் வலது கையை உதறுகிறார்.

ஆடி 1, ஞாயிறு

பருவம் பிறந்தது. மூன்று சுவருக்கு வெள்ளையடித்தேன். சுண்ணாம்பு விலை ஏறிவிட்டது; மேற்குச் சுவர் ஏற்கெனவே வெள்ளையாகத்தானே இருக்கிறது?

“அந்தச் சொவத்த ஏன் விட்ட?” என்று கேட்டார் அவர்.

“நீங்க அடிச்சது. நல்லாத்தான் இருக்கு.”

மேற்குச் சுவரில் ஒருத்தரும் வரையவில்லை. அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

ஆவணி 15

ராக்காயி இடது கையால் மனு எழுதப் பழகிவிட்டாள். மதுரைக்குப் போய் வக்கீலைப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தபோது பஸ் நிறுத்தத்தில் அவள் மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அப்படியே நடந்து வந்து என் வாசலில் நின்று, “மதினி, குளிக்கக் கொஞ்சம் வெந்நி வச்சுக் குடுங்க,” என்றாள். அவர் கொல்லைப்பக்கம் எழுந்து போனார்.

ஐப்பசி 6, ஞாயிறு

ஐப்பசி பிறந்ததும் இந்தத் தடவையும் மூன்று சுவருக்குத்தான் அடித்தேன். மூன்று நாளாக அடைமழை. கல்லடி பட்ட ஓடுகளை நான் இன்னும் மாற்றவில்லை என்பது காலையில்தான் ஞாபகம் வந்தது. ஓடினேன்.

மேற்குச் சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கண்மாய்.

தண்ணீர் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு கண்ணாடியாகிவிட்டது. தலைகள், ஊத்தாக்கள், வெள்ளைத் துண்டு எல்லாம் கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒன்றுவிடாமல். சிவப்பு நைலான். சைக்கிள் டியூப். மஞ்சள் கரை. குத்திக் குத்தி அடித்த அந்தக் கையும், விரல் ஐந்தும் விரிந்து.

இருபது ஆண்பிள்ளைகள். சுவரைச் சுரண்டிப்போட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் படத்தை அழிப்பதென்றால் வெள்ளையடிப்பது. எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

கதவை உள்ளே தாழ்ப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் படம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து இன்னொரு பூச்சு அடித்தால் என் வீடு பிழைக்கும். தொட்டியில் சுண்ணாம்பு இருந்தது. மட்டையை எடுத்து நனைத்தும்விட்டேன்.

மட்டையைக் கழுவி வைத்துவிட்டு வந்து சமைத்தேன். கூரை ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட்டேன். வேறு யாரும் பார்க்கக் கூடாது.

கார்த்திகை 5

மறுவிசாரணைக்கு நாளை டிஎஸ்பி அம்மா வருகிறார். ஊர் கூட வேறு இடம் இல்லாததால் சுவர் வீட்டில்தான். துரைச்சிங்கம் எனக்கு ஆள் அனுப்பினார்: வாயைத் திறந்தால் ராக்காயியின் தம்பி போன இடத்துக்கு நானும் போகலாமாம்.

அவர் இரவுச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. “நான் அமுக்கல வர்ணம், புடிச்சுக்கத்தான் சொன்னாக,” என்றார். யாரை என்று நான் கேட்கவில்லை. தட்டை எடுத்துக் கழுவினேன்.

கத்தரிப்பூச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

கார்த்திகை 7

நேற்று எழுத முடியவில்லை. நெற்றியில் ஆறு தையல். ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. மற்ற கண்ணால் எழுதுகிறேன்.

டிஎஸ்பி அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்மாயைப் படம் பிடிக்க ஸ்டூடியோக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். ஊரே கூடியிருந்தது. ராக்காயி, மடங்காத விரல்களோடு, “நான் பாத்தத சொவத்துல வரைஞ்சேம்மா. எல்லாரும் பாத்தாக. அப்புறம் அழிச்சுட்டாக,” என்றாள்.

“படமா? என்னம்மா படம்?” துரைச்சிங்கம் கையை விரித்தார். “வெள்ளைச் சொவருல்ல இருக்கு. தம்பி செத்ததுல இருந்து இதுக்குப் புத்தி சரியில்லம்மா.”

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். மிச்சப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கினேன். டிஎஸ்பி அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேற்குச் சுவரில் வீசினேன். இரண்டாவது குடத்தை இன்னும் உயரமாக வீசினேன். மூன்றாவது குடம் கீழ் மூலைக்கு.

தலைகள் வந்தன. ஊத்தாக்கள் வந்தன. கூட்டத்தில் ஒரு பெண், “எங்க ஊத்தா…” என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் கை வந்தது.

“செவப்புக் கயிறு தொரைச்சிங்கம் ஊத்தா. டியூப்பு போஸு ஊத்தா. ஊரைக் கேளுங்க,” என்றேன். “நடுவுல இருக்கிறது எங்க வீட்டுது. வாயில சுத்தியிருக்கிறது இந்தக் கரை.” முந்தானையை விரித்துக் காட்டினேன். கத்தரிப்பூச் சேலை, ஓரம் கிழிந்து நூல் தொங்குகிறது. “அந்த வாய் வழியாத்தான் கையை விட்டுப் புடிக்கணும்மா. எங்க வீட்டுக்காரர் வலது கையப் பாருங்க. வெரால் கடிச்சதாம். மீனே இல்லாத கம்மாயில.”

போஸ் நாற்காலியைத் தூக்கி என் முகத்தில் அடித்தான். விழும்போது பார்த்தேன்: துரைச்சிங்கம் போலீஸ்காரர் ஒருவரின் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். பெண்கள் வழி விடவில்லை. யார் முதலில் என்று தெரியாது. குழாயடியில் குடத்தை இறக்காமல் நின்ற அதே பெண்கள் செருப்பால், வளையல் கையால், நகத்தால் அவரையும் போஸையும் அடித்தார்கள். போஸின் காது பாதி தொங்கியது. போலீஸ் பிரித்திருக்காவிட்டால் கொன்றிருப்பார்கள். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை.

அவர் ஓடவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். டிஎஸ்பி அம்மா கேட்டதும் வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே, மேலே ஒரு பிறை, கீழே ஒரு பிறை.

ஸ்டூடியோக்காரர் சுவர் காய்வதற்குள் படம் பிடித்துவிட்டார்.

கார்த்திகை 10

அவர் வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். ஆட்டுக்குட்டிகளோடு சுவர் வீட்டில் இருக்கிறேன். நேற்று ஜெயிலுக்குப் போய் வேட்டி கொடுத்துவிட்டு வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் அந்தக் கைக்குச் சோறு போட்டேன். நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது, யாரிடம் சொல்ல?

சாயங்காலம் ராக்காயி இடது கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். என் நெற்றிக் கட்டைப் பார்த்தாள்.

“கொஞ்சமா ஊத்திப் பாத்துக்கிறவா மதினி? அவன் கையி மட்டும்.”

கீழ் மூலையில் ஊற்றினாள். கை வந்தது. அந்த விரிந்த உள்ளங்கையில் தன் மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு, சுவர் காயும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் குட்டிகளுக்குப் பால் கொடுத்தேன்.

“தையி பொறந்தா வெள்ளையடிப்பீகளா?” என்று கேட்டாள்.

மூன்று சுவருக்கு அடிப்பேன் என்றேன். பருவம் முடியாமல் எந்தப் படத்தையும் அழிக்கக் கூடாது. இந்தப் படம் சித்திரையில் நின்றது பத்தே நாள். இதற்கு இன்னும் பருவம் முடியவில்லை.